தீக்குச்சியும் நிழற்கன்றும்

திருவொற்றியூரை அடுத்த விம்கோ நகருக்கு இன்று மெட்ரோ இரயிலிலேயே செல்லலாம்; அந்நிலையம் 2021-இல் திறக்கப்பெற்றது. ஆயினும் அப்பெயரின் பொருளை அறிந்தோர் சிலரே. ‘வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி’ என்பதன் எழுத்துச் சுருக்கமே விம்கோ. தீப்பெட்டியால் பெயர் பெற்ற பகுதி அது.

1922-இல் அரசாங்கம் அயல்நாட்டுத் தீப்பெட்டிகளின் மீது கிராஸுக்கு, அதாவது 144 பெட்டிகளுக்கு, ஒன்றரை ரூபாய் தீர்வை விதித்தது. இந்தியச் சந்தையை இழக்க மனமில்லாத சுவீடன் நாட்டார் மறு ஆண்டே இங்குக் கம்பெனி நிறுவினர். சுவரைத் தாண்ட இயலாதவர் சுவருக்கு உள்ளேயே வீடு கட்டிக்கொண்டனர் எனலாம். ஆனால் குச்சிக்கு மரம் வேண்டுமே! மெழுகை உறிஞ்சி, முறியாது நின்று எரியும் மென்மரமாக அது இருத்தல் வேண்டும். தொடக்கத்தில் ஆஸ்பென் மரம் கப்பலில் வந்தது. பின்னர் நம் நாட்டு இலவமும், அந்தமானின் பப்பிதாவும் குச்சிகளாயின.

வெட்டிய மரத்திற்கு ஈடாகக் கன்றுகளை எவ்வாறு வளர்ப்பது? ஆலை இயந்திரங்களைக் காட்டிலும் இவ்வினாவே எனக்குச் சுவையுடையதாகத் தோன்றுகிறது. காட்டை முற்றும் வெட்டினால் கன்றுக்கு வெயில் கிடைக்கும். ஆனால் அதனை முந்திக்கொண்டு புல்லும் கொடியும் எழும். குளிர்நாடுகளில் உறைபனி இளந்தளிரைக் கருக்கிவிடும். ஆகவே சுவீடனில், அகன்ற இலையுடைய பிர்ச் மரங்களின் நெருக்கத்தைக் குறைத்து, எஞ்சியவற்றின் குடைக்கீழ் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலைக் கன்றுகளை வளர்க்கும் முறை உண்டு. கன்றுகள் தலையெடுத்தபின் மேல்மரங்களை அகற்றுவர். தாமதித்தாலோ, காற்றிலாடும் பிர்ச் கிளைகள் சாட்டைபோல் வீசி, ஸ்புரூஸின் நுனிக்குருத்தைச் சிதைத்துவிடும். தாயின் நிழலும் அளவு கடந்தால் அடியாகிறது, பாருங்கள்! வெயிலையே நாடும் ஆஸ்பெனுக்கு இம்முறை பொருந்தாது.

அந்தமானில் கன்றுகளை நடாமலே காடு வளர்க்கும் முறையும் இருந்தது. தாமே விழுந்த விதைகளினின்று முளைத்தவற்றின் மேலிருந்த தாழ்ந்த விதானத்தை முதலிலும், உயர்ந்ததைப் பின்னரும் படிப்படியாக நீக்கினர் வனத்துறையினர்.

நம் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பைன் நட்டவர்கள் சோலையின் அடியை நாடவில்லை, புல்வெளிகளையே நாடினர். புல்வெளி வீண்நிலம் என்பது அக்காலத்தவர் எண்ணம். அதுவே ஓடைகளுக்கு நீரூட்டும் நிலம் என்பதைப் பிற்காலத்தவரே உணர்ந்தனர். இத்தனைக்கும் ஊசியிலை மர வகுப்பைச் சேர்ந்த நாஜியா என்னும் மரம் தென்மேற்கு மலைத்தொடரின் பசுமைமாறாக் காடுகளிலேயே இருக்கிறது. வகுப்புத்தான் ஊசியிலை, அதன் இலையோ அகன்றது! தீபகற்ப இந்தியாவிற்கு இயல்பாக உரிய அவ்வகுப்பு மரம் அது ஒன்றே. அகத்தியமலைப் பக்கத்தில் பெருமரங்களின் நிழலில், எவரும் நடாமலே, அது முளைத்து வளர்ந்து வருகிறது.