கோடை விடுமுறையும் குழந்தைகளின் தமிழும்

பள்ளிக்கூடம் மூடிய மறுநாளே நம் காலனித் தாய்மார்கள் எழுப்பும் வினா ஒன்று உண்டு. "இந்த ஒன்றரை மாதமும் இவர்களை எப்படிக் கட்டி மேய்ப்பது?" என்பதே அது. இவ்வினா தொன்றுதொட்டு வருவது என்று நாம் எண்ணுகிறோம். ஆயின், அதற்கு வயது அதிகமில்லை. கோடை வந்ததும் பள்ளியை வாரக்கணக்கில் அடைத்துவிடும் வழக்கம் ஆங்கிலேயர் ஆட்சியோடு நம் நாட்டிற்கு வந்ததேயாகும்.

அதற்கு முன்பு இருந்தவை திண்ணைப் பள்ளிகள். சென்னை மாகாண கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டில் கணக்கெடுக்க உத்தரவிட்டபோது, அம்மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருப்பதாகத் தெரியவந்தது. அவற்றில் மிகப் பல ஒரே உபாத்தியாயரைக் கொண்டவை. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். கற்றுத் தேர்ந்த பிள்ளை சட்டாம்பிள்ளையாகி இளையவர்க்குக் கற்பித்தான். சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் இம்முறையைக் கண்டு வியந்து தம் விடுதியிலும் கையாண்டார். 1797-இல் லண்டனில் அது குறித்து நூலும் வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் பலர் பின்னர் 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே எழுத்துக் கற்றனர். கல்வியில் நாம் வாங்கியதை மட்டும் பேசுவோர் இதனையும் நினைவிற் கொள்ளுதல் நன்று.

அப்பள்ளிகளுக்கு விடுமுறை நாட்களை வகுத்தவன் சூரியனல்லன், சந்திரன். அமாவாசை, பௌர்ணமி முதலிய நாட்களிலும் பண்டிகைகளிலும் ஏடு கட்டப்பட்டது. விடுமுறையோ ஒரு நாள். அதற்குள் குழந்தை கற்றதை மறப்பதற்கு வழியில்லை. மேலும், வீட்டு விளையாட்டே பாடத்தின் தொடர்ச்சியாக இருந்தது. பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோம். 14 குழிகள், குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டைகள். எக்குழியில் தொடங்கினால் கடைசிக் காய் எங்கே விழும், எக்குழியில் நான்கு சேர்ந்து 'பசு' ஆகும் என்று முன்கூட்டியே கணிக்காதவர் தோற்பர். எதிரே அமர்ந்திருக்கும் பாட்டி பேத்திக்காக விட்டுக்கொடுப்பவளும் அல்லள்! ஆடுபுலி ஆட்டத்திலோ மூன்று புலிகளைப் பதினைந்து ஆடுகள் வளைக்க வேண்டும். தனி ஆட்டுக்கு வலிமையில்லை; சேர்ந்து நகர்வதிலேயே வெற்றி. முந்திரி என்னும் 320-இல் ஒரு பங்கு வரை பின்னங்களை எண்சுவடியில் மனனம் செய்த பிள்ளைகளுக்கு இவை ஓய்வும் பயிற்சியுமாக அமைந்தன.

கோடைக்கென்று தனிக் கல்வியும் இருந்தது. தொண்டை மண்டலத்துத் திரௌபதியம்மன் கோயில்களில், அறுவடை ஓய்ந்த நாட்களில், பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நாள்தோறும் நடைபெறும். எழுத்தறியாத சிறுவனும் அங்கிருந்து பாரதக் கதை முழுவதையும் பெற்றுத் திரும்பினான். அவ்வழக்கம் அங்கே இன்றும் அற்றுப்போகவில்லை.

1854-இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கைக்குப் பின் சர்க்கார் முறைப் பள்ளிகள் பெருகின. வெயிலுக்கு அஞ்சி வெள்ளைக்காரத் துரைமார் மலையேறும் காலத்தில் கச்சேரிகளோடு பள்ளிகளும் மூடப்பட்டன. ஆங்கிலேயர் வகுத்த இவ்விடைவெளியை நம்மவர் தாய்வழிப் பாட்டி வீட்டைக் கொண்டு நிரப்பினர். 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் வண்டி ஓடிய பிறகு இருப்புப் பாதை ஊர்தோறும் நீண்டு, அப்பாட்டி வீட்டை அருகிற் கொணர்ந்தது.

அதே இருப்புப் பாதைதான் நம்மைத் தூரத்திற்கும் கொணர்ந்தது. 1929-இல் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் தொடங்கிய பின்னர், வடநாட்டு உத்தியோகத்திலிருந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் கோடை என்றால் அவ்வண்டி என்றே ஆயிற்று. கண்ணில் கரித்தூளும், கூஜாவில் தண்ணீரும், பொட்டலத்தில் புளியோதரையுமாகச் சென்ற அப்பயணமும் ஒரு பள்ளியே. கூடூர், சூலூர்ப்பேட்டை, தடா ஆகியவற்றைக் கடந்ததும் ஆரம்பாக்கம் என்ற சிறு நிலையம் வரும். நெடுவண்டி அங்கே நிற்பதில்லை. ஆனால், தமிழெழுத்துப் பலகை தென்படும் முதல் நிலையம் அதுவே. ஓடும் வண்டியின் ஜன்னலில் அப்பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தே எழுத்தறிவைத் தொடங்கிய பிள்ளைகள் நம் காலனிகளில் உண்டு. ஆரம்பத்திற்கு ஏற்ற பெயர்தான்!

ஊருக்குப் போக இயலாத ஆண்டுகளில் அக்குழந்தைகளுக்குத் துணை நின்றவை சிறுவர் பத்திரிகைகள். 1947-ஆம் ஆண்டு ஜூலையில் நாகி ரெட்டியாரும் சக்கரபாணியும் சென்னையில் 'அம்புலிமாமா'வைத் தொடங்கினர். 1950-இல் கலைமகள் நிறுவனத்தார் வெளியிட்ட 'கண்ணன்' ஆர்வியை ஆசிரியராகக் கொண்டு வந்தது. அதே ஆண்டில் குழந்தை எழுத்தாளர் சங்கமும் தோன்றிற்று. அதற்கு உயிராய் விளங்கிய அழ. வள்ளியப்பா பகலெல்லாம் வங்கியில் பேரேடு பார்த்தவர் என்பது நம்போன்ற குமாஸ்தாக்களுக்குச் சற்றுப் பெருமை தருவது. தென்னாட்டு நிலையத்து ஹிக்கின்பாதம்ஸ் கடையில் வாங்கி, வடக்கே வரும் நண்பர் கையில் கொடுத்தனுப்பப்பட்ட ஓர் இதழ் நான்கு வீடுகளைச் சுற்றிவிட்டே ஓயும். வேதாளம் கதையை முடித்துக் கேள்வி கேட்டதும் மூத்த பிள்ளை பக்கத்தைக் கையால் மறைத்துக்கொள்ளும்; விக்கிரமாதித்தன் என்ன விடை சொல்வான் என்று மற்றவை தர்க்கிக்கும். எந்த வாத்தியாரும் கற்பிக்காத தருக்கக் கல்வி அது.

கண்ணன் 1972-இலும், அம்புலிமாமா 2013-ஆம் ஆண்டளவிலும் நின்றுபோயின. தில்லியில் 1923-லும், பம்பாயில் 1932-லும் நம்மவர் சொந்தக் கல்விச் சங்கங்களை அமைத்தனர். பெருநகரங்களில் அவற்றின் பள்ளிகள் உள்ளன. நம்மைப்போன்ற சிறு காலனிகளுக்கு அத்தகைய பள்ளி இல்லை. நம் பிள்ளைகள் இந்தியும் ஆங்கிலமும் கற்று முதன்மை பெறுகிறார்கள், மகிழ்ச்சியே. தமிழ் பேசவும் செய்கிறார்கள். ஆனால், நம் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் கட்டுக்கட்டாய் இருக்கும் தாத்தாவின் இன்லண்ட் கடிதங்களை அவர்களுள் எத்தனை பேரால் படிக்க முடியும்? வேறொருவர் வாசித்துக் காட்டினால்தான் தன் பெயரிடப்பட்ட செய்தியையே பேரன் அறிவான் என்ற நிலை பல வீடுகளில் வந்துவிட்டது. பள்ளி நடக்கும் பத்து மாதத்தில் இதற்கு நேரமில்லை. எஞ்சியிருப்பது கோடை ஒன்றே.

கருவிகளுக்குப் பஞ்சமில்லை. பெரியசாமித் தூரன் அவர்களை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட 'குழந்தைகள் கலைக்களஞ்சியம்' இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வாயிலாகக் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. பழைய அம்புலிமாமா இதழ்கள் சில வீட்டுப் பரண்களில் உறங்குகின்றன. வரும் விடுமுறையில் மாலை 4 மணி முதல் 6 மணி வரை நம் சங்க அறையைத் திறந்துவைக்க எண்ணியுள்ளோம். முதல் ஒரு மணி வாசிப்பு. அடுத்தது பல்லாங்குழியும் ஆடுபுலியும். பலகை வைத்திருப்போர் கொணர்ந்து உதவ வேண்டும். பாட்டிமார்களும் தவறாது வருக. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரே ஒரு பழைய கடிதத்தை எடுத்துவரட்டும். முதல் பாடம் அதுவாகவே இருக்கும்.