அமெரிக்காவில் டென்டல் சீட்: இன்டர்வியூவுக்கு எப்படித் தயாராவது?

இந்தியாவில் பி.டி.எஸ் சேர நீட், எம்.டி.எஸ் சேர நீட் எம்.டி.எஸ். இரண்டிலும் மதிப்பெண்தான் பேசும். "நீங்க ஏன் பல் டாக்டர் ஆகணும்?"னு யாரும் எதிரே உட்கார வைத்துக் கேட்பதில்லை. அதனால், நியூயார்க்கிலோ பாஸ்டனிலோ உள்ள பல் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் நம்ம ஊர் டாக்டர்கள் பலருக்கு, அதுதான் முதல் அட்மிஷன் இன்டர்வியூ.

இது யாருக்கு?

பி.டி.எஸ் முடித்தவர்கள் அமெரிக்காவில் பிராக்டீஸ் செய்யப் பெரும்பாலும் அங்கே டி.டி.எஸ் அல்லது டி.எம்.டி பட்டம் வாங்க வேண்டும். பெயர்தான் வேறு, இரண்டும் ஒரே படிப்பு. வெளிநாட்டில் படித்தவர்களுக்கு இது பொதுவாக 2 முதல் 3 ஆண்டுகள். பல கல்லூரிகளுக்கு 'கேபிட்' என்ற பொதுத் தளம் வழியாக விண்ணப்பிக்கலாம். ஐ.என்.பி.டி.இ தேர்வும் டோஃபலும் உங்களை இன்டர்வியூ வரை கொண்டுபோகும். சீட்டை முடிவு செய்வதில் இன்டர்வியூவுக்குப் பெரிய பங்கு உண்டு. மொத்தச் செலவு ஒரு கோடி ரூபாயைத் தாண்டலாம் என்பதால், இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

என்ன கேட்பாங்க?

ஏன் அமெரிக்கா, ஏன் எங்கள் கல்லூரி, இன்டர்ன்ஷிப்பில் சிக்கலான கேஸ் எது, செய்த தவறு என்ன. இவை அநேகமாக வரும். "நல்ல வாய்ப்புகள் இருக்கு" என்ற பதிலை அவர்கள் நூறு பேரிடம் கேட்டிருப்பார்கள். உங்கள் கேஸ் ஒன்றைச் சொல்லுங்கள்: என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், அதற்குப் பிறகு எதை மாற்றினீர்கள். செய்யாத சிகிச்சையைச் செய்ததாகச் சொல்ல வேண்டாம். அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

நெறிமுறைக் கேள்விகளும் உண்டு. சொத்தையை எடுக்கும்போது பல்லின் கூழ்ப் பகுதி திறந்துவிட்டது, நோயாளிக்குத் தெரியாது. என்ன செய்வீங்க? சிகிச்சையைச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். நோயாளியிடம் சொல்வேன், மேற்பார்வை ஆசிரியரிடம் சொல்வேன், பதிவு செய்வேன் என்பதும் பதிலில் இருக்க வேண்டும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் ஐந்து நெறிகளில் உண்மை பேசுவதும் ஒன்று.

பல் எண்ணில் கவனம்

சில கல்லூரிகளில் 'பெஞ்ச் டெஸ்ட்' உண்டு. பிளாஸ்டிக் பற்கள் பொருத்திய மாதிரித் தாடையில், குறித்த நேரத்துக்குள் கிரவுனுக்குப் பல்லைத் தயார் செய்வது போன்ற வேலை. இங்கே நாம் படித்தது எஃப்.டி.ஐ எண்முறை. அங்கே 1 முதல் 32 வரை எண்ணும் யுனிவர்சல் முறை. நமக்கு '14' என்றால் மேல் வலது முதல் முன்கடைவாய்ப் பல். அவர்களுக்கு அது மேல் இடது முதல் கடைவாய்ப் பல்! தவறான பல்லில் கை வைத்தால், வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. இன்றே அந்த எண்முறைக்கு மாறிப் பழகுங்கள்.

நேரமும் விசாவும்

ஆன்லைன் இன்டர்வியூ என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். நியூயார்க்கில் காலை 10 மணி என்பது கோடையில் நமக்கு இரவு 7.30, நவம்பரில் அங்கே கடிகாரத்தை மாற்றிய பிறகு 8.30. நேரில் போகணும்னா பி1/பி2 விசா தேவை. அதற்கான அப்பாயின்ட்மென்ட்டுக்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அழைப்பு வந்த பிறகு தொடங்கினால் தேதி தவறிப்போகும். விண்ணப்பம் போடும் காலத்திலேயே விசா வேலையையும் தொடங்கிவிடுங்கள். முடிந்தால் ஓரிரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். தூக்கக் கலக்கத்தில் டிரில் பிடித்தால் கை நடுங்கும்.

கடைசியாக

பயிற்சி மையங்கள் தரும் பதில்களை மனப்பாடம் செய்யாதீர்கள். நண்பர் ஒருவரை எதிரே உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லி, ஃபோனில் பதிவு செய்து கேளுங்கள். எங்கே திணறுகிறீர்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். முடிவில் "எங்ககிட்ட ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். முதல் நோயாளியை எப்போது பார்க்கத் தொடங்குவோம் என்று கேளுங்கள். கோடி ரூபாய் கட்டப்போகிற உங்களுக்கு அந்தப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.