நீலகிரியில் அரிவாள் செல் நோய்

இந்தியாவில் அரிவாள் செல் பண்பு 1952ஆம் ஆண்டு நீலகிரிப் பழங்குடி மக்களிடம் கண்டறியப்பட்டது. எர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகிய இருவரும் இதை வெளியிட்டனர். அதுவரை இது ஆப்பிரிக்க வழிவந்தோரின் நோயாகவே பெரிதும் கருதப்பட்டது.

நோய்க்கு மூலமான மாற்றம் மிகச் சிறியது. ஈமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 6ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் அமைந்துவிடுகிறது. இதை வெர்னான் இன்கிராம் 1957இல் கேம்பிரிட்ஜில் காட்டினார். ஆக்சிஜன் குறையும்போது இந்த ஈமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி இழைகளாகின்றன. வட்டமான சிவப்பணு அரிவாள் போல் வளைந்து நுண்ணிய இரத்தக்குழாய்களை அடைக்கிறது. எலும்பிலும் மூட்டிலும் கடும் வலி எடுப்பது இதனால்தான்.

பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இம்மரபணுவைப் பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். கடும் மலேரியாவிலிருந்து அவருக்கு ஓரளவு பாதுகாப்பும் உண்டு. அப்படிப்பட்ட இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே நலமாக இருப்பவரையும் சோதிக்க வேண்டியுள்ளது. ஒரு துளி இரத்தத்திலிருந்து ஆக்சிஜனை நீக்கி நுண்ணோக்கியில் பார்ப்பது பழைய சோதனை. அது மலிவானது, ஆனால் நோயாளி யார், மரபணுவைச் சுமப்பவர் யார் என்று பிரித்துக் காட்டாது. அதற்கு எலக்ட்ரோஃபோரசிஸ் போன்ற சோதனை தேவை. லைனஸ் பாலிங் குழுவினர் 1949இலேயே அம்முறையில் இரு ஈமோகுளோபின்களையும் வேறுபடுத்தியிருந்தனர்.

நாடு தழுவிய ஒழிப்பு இயக்கம் 2023 ஜூலை 1 அன்றுதான் தொடங்கியது. 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதிப்பது அதன் இலக்கு. அதற்குள் நீலகிரிக் கண்டுபிடிப்புக்குப் பின் 71 ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன. நோயின் பரவல் இனத்துக்கு இனம் மாறுவதால், நீலகிரி முடிவுகளை வைத்துச் சின்னசேலம் அருகேயுள்ள கல்வராயன் மலை மலையாளிப் பழங்குடியினரின் நிலையைக் கணிக்க இயலாது. அவர்களை அங்கேயே சோதித்தாக வேண்டும்.