லேண்ட் ரோவரின் அடிச்சட்டமும் துருவும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் எஃகு பங்கீட்டு முறையில் அளவாகவே கிடைத்ததால், 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவரின் உடற்கூடு பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. ஆனால் சுமையைத் தாங்கும் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், எஃகுத் தகடுகளை நீண்ட பெட்டி வடிவில் பற்றவைத்தே செய்யப்பட்டது. உறுதிக்கு உகந்த இவ்வடிவம் துருவுக்கும் உகந்ததாயிற்று. சேறும், குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலைகளில் தூவப்படும் உப்பும் வடிகால் துளைகள் வழியே உட்புகுந்து தங்கிவிட, வெளிப்பூச்சு நன்றாக இருக்கும்போதே சட்டம் உள்ளிருந்து அரிக்கப்பட்டது. தோல் வாடாமல் எலும்பு மட்டும் உக்கியதைப் போன்ற விந்தை இது.

கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி, ஆளிவிதை எண்ணெயில் குழைத்த ஈயச் செந்தூரத்தைப் பூசுவது பழைய வழக்கம். அது நன்கு காத்தது, ஆயினும் ஈயம் நஞ்சு. துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும் பாஸ்பாரிக் அமிலமும் கைக்கொள்ளப்பட்டது. சட்டத்தின் உட்புறத்தில் கழிவு எஞ்சின் எண்ணெயைத் தெளிப்பது மலிவான வழிதான் என்றாலும், மண்ணைக் கெடுக்கும் அம்முறையினும் மெழுகுக் கலவையைப் பீய்ச்சுவதே மேலானது.

உருகிய துத்தநாகத்தில் எஃகை முக்கியெடுக்கும் முறைக்கு ஸ்டானிஸ்லாஸ் சோரெல் 1837இலேயே பிரான்சில் காப்புரிமை பெற்றிருந்தார். துத்தநாகம் முதலில் தான் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கும். லேண்ட் ரோவரின் முன்னோட்ட வண்டிகளுக்கு அவ்வாறு முக்கியெடுத்த சட்டங்களே பொருத்தப்பட்டன. வழக்கமான உற்பத்தியிலோ வண்ணப்பூச்சே போதுமெனக் கருதப்பட்டது. துத்தநாகம் ஏற்றிய மாற்றுச் சட்டங்களை இன்று பழைய வண்டிகளின் உரிமையாளர்கள் தனியே விலைகொடுத்து வாங்குகின்றனர்.