கண்ணுக்கு வராத எச்சரிக்கை

புகைப்பவரின் பார்வை மங்கும் என்பது இன்றும் பலருக்குப் புதுச்செய்தி. உண்மையில் அது நுரையீரல் புற்றுநோய் பற்றிய அறிவைவிடப் பழையது. சிகரெட்டுக்கும் அந்தப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1950இல் நிறுவினார்கள். கிளாஸ்கோ கண் மருத்துவர் வில்லியம் மெக்கன்சியோ 1830களிலேயே பார்வை இழப்புக்குப் புகையிலை காரணமாகலாம் என்று எழுதிவிட்டார். அவ்வளவு முன்பே தெரிந்தது மக்களிடம் வந்து சேராமல் போனதற்குக் காரணம், மருத்துவ உலகின் நியாயமான ஓர் ஐயம் நீண்ட மௌனமாக மாறியதுதான்.

அக்கால மருத்துவர்கள் கண்டது, சுங்கான் பிடிப்பவர்களுக்குப் பார்வையின் நடுப்பகுதி மங்கி, சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு தெரியாமல் போகும் நோய். நோயாளிகளில் பலர் குடிப்பவர்கள், சத்தான உணவு இல்லாதவர்கள். எனவே குற்றவாளி புகையிலையா, ஊட்டக்குறைவா என்ற கேள்வி எழுந்தது. 1964ஆம் ஆண்டின் அமெரிக்கத் தலைமை மருத்துவர் அறிக்கையும் இந்தத் தொடர்பு நிறுவப்படவில்லை என்றே சொன்னது. அந்த ஒரு நோயைப் பொறுத்தவரை அது சரியான எச்சரிக்கையுணர்வு. ஆனால் கண்ணைப் பற்றிய பேச்சே அதோடு அடங்கிவிட்டது.

1992இல் கண்புரைக்கும், 1996இல் விழித்திரை மையமான மாக்குலாவின் சிதைவுக்கும் புகைப்பழக்கத்தோடு உள்ள தொடர்பைப் பெரிய அமெரிக்க ஆய்வுகள் காட்டின. மாக்குலா சிதைவு முதுமையின் நோய்தானே என்று கேட்கலாம். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு, வயது வேறுபாட்டைக் கணக்கில் கொண்ட பிறகும், நாளுக்கு 25 சிகரெட்டோ அதற்கு மேலோ புகைத்தவர்களுக்கு ஆபத்து இரு மடங்குக்கும் அதிகம் என்று கண்டது. முதுமையை மட்டும் காரணமாக்க அதன்பின் இடமில்லை.

உயிரையே பறிக்கும் பழக்கத்துக்குக் கண்ணைக் காட்டி எச்சரிப்பானேன் என்பது அடுத்த கேள்வி. 2005இல் வெளியான ஓர் ஆங்கிலேய மருத்துவமனை ஆய்வில், புகை நுரையீரல் புற்றுநோய் தரும் என்று பத்தில் ஒன்பது பேர் அறிந்திருந்தார்கள். பார்வை போகும் என்று அறிந்தவர் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஆனால் பார்வையிழப்பின் மீதான அச்சம் புற்றுநோய் அச்சத்துக்குக் குறைந்ததாக இல்லை. ஆஸ்திரேலியா 2006இல் சிகரெட் பெட்டிகளில் கண் படத்தையும் சேர்த்தது இந்த அச்சத்துக்கு மதிப்பளித்த செயல். சுங்கானைக் கைவிட்ட பழைய நோயாளிகள் பலருக்குப் பார்வை திரும்பியது. சிதைந்த மாக்குலாவோ பெரும்பாலும் திரும்புவதில்லை. அதனால்தான் இந்த எச்சரிக்கை நோய்க்கு முன்பே வந்தாக வேண்டும்.