மச்சுப் பலகையும் மொசைக் தரையும்

கோயம்புத்தூர்ல ஒரு பழைய ஃப்ளாட் வாங்கினோம்ங்க. 80-கள்ல கட்டினது. ரெண்டு பெட்ரூம், ஒரு பால்கனி. பால்கனியில நின்னா பக்கத்து வீட்டு வாட்டர் டேங்க் அழகா தெரியும். அது கெடக்கட்டும். பிரச்சனை தரையில ஆரம்பிச்சுது. மொசைக் தரை, மங்கிப்போய், பீரோ நின்ன இடமெல்லாம் துரு ஏறிக் கெடந்துச்சு. இன்டீரியர் வேலை பாக்குற தம்பி வந்து, "சார், இதை ஒடைக்கவே வேண்டாம். மேலயே வுடன் ஃப்ளோரிங் விரிச்சுடலாம், ரெண்டே நாள்"னு சொல்லி ஒரு சாம்பிள் பலகையைக் கையில கொடுத்தாரு. அசல் தேக்கு ரேகை!

திருப்பிப் பார்த்தா மரத்தூளை அழுத்தின அட்டை. மேல இருக்கிற ரேகை காகிதத்துல அச்சடிச்சது, அதுக்கு மேல ஒரு பிசின் பூச்சு. 1977-ல் சுவீடன்ல பெர்ஸ்டார்ப்னு ஒரு கம்பெனி கண்டுபிடிச்ச சமாச்சாரம் இது. அதாவது தேக்கோட போட்டோ மேல நடக்கச் சொல்றாரு தம்பி :)

எனக்கு உடனே எங்க அப்பாரு வீடு ஞாபகம் வந்துடுச்சு. பழனிக்குப் பக்கத்துல நெய்க்காரப்பட்டி. வெல்ல மண்டி உள்ள ஊர்னா தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். அந்த வீட்டுல மரத்தரை இருந்துச்சு. ஆனா கீழ இல்லை, தலைக்கு மேல. பலகை அடிச்ச மச்சு. உத்திரம், அதுக்குக் குறுக்கே கட்டை, அது மேல விரல்கடை கனத்துக்குத் தேக்குப் பலகை. நெல்லு, வெல்லம், புளி, பித்தளை அண்டா எல்லாம் அங்கதான். நாங்க மேல ஓடினா கீழ அப்பத்தா சோத்துல தூசி விழும். அதுக்கு வாங்கின திட்டு தனிப் பதிவா போடலாம்.

கீழ மட்டும் ஏன் மரம் போடலை? ஏழைமைன்னு சின்ன வயசுல நினைச்சேன். அப்படியில்லை. ஈரமண்ணுல படுற மரத்தைக் கரையான் சும்மா விடாது. தவிர, வெறுங்கால்ல நடக்கிற, தண்ணி ஊத்திக் கழுவுற, சித்திரை வெயில்ல தரையிலயே படுத்துத் தூங்குற சனத்துக்குக் குளிர்ச்சிதான் வேணும். குளிர் நாட்டுக்காரனுக்குக் கால் சில்லிடக் கூடாது, நமக்குச் சில்லிடணும். அதனால கீழ சாணி மெழுகின மண், வசதிப்பட்டவங்க வீட்டுல பாவுகல். மரம் காத்தாட மேல.

சரி, அந்தத் தேக்கெல்லாம் எங்க போச்சு? இங்கதான் கதை பெரிசாகுது. எங்க ஊர்ல இருந்து மேற்கே உடுமலை தாண்டினா ஆனைமலை. அங்க டாப்ஸ்லிப்னு ஒரு இடம், பலபேர் யானை பார்க்கப் போயிருப்பீங்க. மலை உச்சியில இருந்து வெட்டின மரத்தைச் சரிவுல உருட்டி விட்டதால வந்த பேர் அது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவுல இந்த ஆனைமலைத் தேக்கு பம்பாய்க் கப்பல் கட்டும் தளம் வரைக்கும் போச்சு. தேக்குக் கப்பல் எவ்வளவு தாங்கும்னா, 1817-ல் பம்பாயில மலபார்த் தேக்குல கட்டின 'திருகோணமலை'ங்கிற போர்க்கப்பல் இன்னைக்கும் இங்கிலாந்துல ஹார்ட்டில்பூல்ல மிதந்துக்கிட்டு இருக்கு.

கப்பலுக்கு அப்புறம் ரயில். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடுக்கு ஓடினது 1856. மதராஸ் மாகாணத்துக்கு கிளெக்ஹார்ன் முதல் வனக் காப்பாளரா வந்ததும் அதே 1856. ஒரு பக்கம் தண்டவாளத்துக்கு அடிக்கட்டையும் எஞ்சினுக்கு விறகும் கேட்குது, இன்னொரு பக்கம் காடு தீர்ந்துடுமோன்னு சர்க்காருக்கே பயம். 1882-ல் மதராஸ் வனச் சட்டம் வந்துச்சு. மலையடிவாரத்து ஆளுக்கு அதுவரை கைக்கெட்டின மரம் சர்க்கார் மரமாச்சு. காட்டைக் காக்கத்தானேன்னு கேட்கலாம். மொட்டையடிச்சவனே சீப்புக்குச் சட்டம் போட்ட கதைன்னு எனக்குத் தோணும்.

நியாயமா ஒருத்தரையும் சொல்லணும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துல ஆனைமலையில திரும்பத் தேக்கு வளர்த்த வெள்ளைக்கார வன அதிகாரி ஹியூகோ வுட். பேரே மரம்! 1933-ல் இறந்தவரு, கல்லறையும் டாப்ஸ்லிப் தேக்குக் காட்டுக்குள்ளயே இருக்கு.

நம்ம தேக்கு குறைஞ்சா பர்மா. 1885-ல் மூணாவது பர்மாப் போர் வர்றதுக்குச் சாக்கே தேக்குதான். பாம்பே பர்மா கம்பெனி வெட்டின மரத்தைக் கணக்குல குறைச்சுக் காட்டுச்சுன்னு தீபா மன்னர் அரசு அபராதம் போட, அடுத்த சில மாசத்துல மன்னரையே நாடு கடத்திட்டாங்க. செட்டிநாட்டு வீடுகள்ல பெரிய பெரிய தேக்குத் தூண் நிக்குதே, அது பர்மாவுல இருந்து வந்தது. 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடிச்சப்போ நம்ம சனம் கால்நடையா ஓடி வந்தது எல்லாருக்கும் தெரியும்.

அதுக்குள்ள நம்ம பக்கம் சிமெண்ட் வந்தாச்சு. 1930-கள்ல மதுக்கரை ஆலை. சிமெண்ட்டோட சிவப்பு ஆக்சைடு கலந்து, கொத்தனார் நாள் முழுக்கக் குத்தவச்சுத் தேய்ச்ச தரைகளை நீங்களும் பார்த்திருப்பீங்க. எங்க அப்பாரு வீட்டுக் கூடமும் அப்படித்தான் மாறுச்சு. அப்புறம் மொசைக். வெனிஸ் கொத்தனாருங்க மிச்சம் விழுந்த பளிங்குச் சில்லை வீணாக்காம பதிச்சு ஆரம்பிச்ச தொழில், நம்ம ஊர் ஃப்ளாட் வரைக்கும் வந்துடுச்சு.

பங்கு பிரிச்சப்போ அப்பாரு வீட்டை இடிச்சாங்க. பழைய மர வியாபாரி வந்து மச்சுப் பலகை மொத்தத்தையும் லாரியில ஏத்திட்டுப் போனாரு. அப்பா விலையே பேசலை. "பழசுதானே"ன்னுட்டாரு. நானும் பக்கத்துல நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லலை. இன்னைக்கு அந்த மாதிரிப் பலகையில செஞ்ச சாப்பாட்டு மேசைக்கு என்ன விலை சொல்றாங்கன்னு கேட்டுட்டு வந்து ராத்திரி தூக்கம் வரலைங்க.

தம்பிகிட்ட சாம்பிளைத் திருப்பிக் கொடுத்துட்டு, மொசைக் பாலிஷ் போடற பெரியவர் ஒருத்தரைப் பிடிச்சோம். மூணு நாள் மிஷின் ஓடுச்சு. முதல்ல கொரகொரப்புக் கல்லு, அப்புறம் நைசு கல்லு, கடைசியா ஆக்சாலிக் பவுடர். வீடு பூரா பால் ஊத்தின மாதிரி வெள்ளைச் சேறு. வீட்டம்மா மூணு நாளும் என்கூடப் பேசலை. கழுவி விட்டதும் பச்சையும் கறுப்பும் வெள்ளையுமா சில்லு மேல வந்துச்சு. பீரோ துரு மட்டும் லேசா இருக்கு. "அது போகாதுங்க, உள்ள இறங்கிடுச்சு"ன்னாரு பெரியவர்.

அந்த இடத்துல மறுபடி பீரோவையே வச்சுட்டோம்.