டெக் அச்சுக்கோப்பு மென்பொருளும் தமிழும்

டெக்: கணினியில் பக்கம் அமைத்து அச்சுக்கோக்கும் திறமூல மென்பொருள். டொனால்டு நூத் 1978இல் வெளியிட்டார். புது வசதிகள் சேர்ப்பதை அவர் நிறுத்திப் பல ஆண்டுகளாகின்றன. பிழைகளை மட்டும் திருத்துகிறார். ஒவ்வொரு திருத்தத்திலும் பதிப்பு எண் 'பை'யின் மதிப்பை ஓர் இலக்கம் நெருங்கும். 2021இல் அது 3.141592653. மென்பொருளுக்கு இப்படியொரு முதுமை வாய்ப்பது அரிது.

யூனிகோடு பரவுவதற்கு முன்பே, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ரிட்ஜ்வே டெக்கிற்கான தமிழ் எழுத்துருவை, எழுத்துரு வரையும் மொழியான மெட்டாஃபாண்டில் வரைந்தார். ஆனால் ரோமன் எழுத்தில் தட்டி, முன்செயலி வழியே மாற்ற வேண்டியிருந்தது.

தமிழை அச்சுக்கோப்பதில் உள்ள சிக்கல் எதுவென்று அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்டசோழபுரத்தின் பெயரே காட்டிவிடும். 'கொ', 'சோ' இரண்டிலும் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. யூனிகோடு கோப்பிலோ அது மெய்க்குப் பின் வரும் ஒரே குறியீடு. அதைப் பிளந்து, ஒரு பாதியை முன்னே நகர்த்துவது வடிவமைப்பு நிரலின் வேலை. 2004இல் ஜொனாதன் க்யூ வெளியிட்ட, யூனிகோடை ஏற்கும் டெக் வடிவமான ஸீடெக் இதை எளிதாக்கியது. பின்னாளில் அது எழுத்துகளை வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் நிரலகத்துக்கு மாறியது. 2020இன் டெக் லைவ் தொகுப்பில் மற்றொரு டெக் வடிவமான லுவாலேடெக்கும் அதே நிரலகத்தைப் பெற்றது. நீண்ட தமிழ்ச் சொற்களை வரியிறுதியில் உடைக்கும் விதிகளை எழுதியவர் சந்தோஷ் தோட்டிங்கல்.

இந்திய டெக் பயனர் குழு திருவனந்தபுரத்தில் 1998இல் உருவானது. பன்னாட்டு டெக் மாநாடு 2002இலும் 2011இலும் அங்கே கூடியது.